எல்லாக் கருங்கல்லும் கிரானைட் அல்ல

சமையலறை மேடையில் பளபளக்கும் கறுப்புப் பலகை, கோயில் மண்டபத்தின் தூண், கூரைக் கான்கிரீட்டில் கலந்திருக்கும் ஜல்லி, சாலையோரத்து மைல்கல், பாட்டி காலத்து அம்மி ஆகிய அனைத்தையும் நாம் 'கருங்கல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதுவே மெருகேறி விலை உயர்ந்துவிட்டால் 'கிரானைட்' என்று பெயர் மாறுகிறது. பேச்சுவழக்கில் மட்டுமன்றிச் சட்டத்திலும் இதே நிலைதான். மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டு கிரானைட் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள் டாலரைட், காப்ரோ, அனார்த்தோசைட், சயனைட், ரயோலைட், சார்னக்கைட் முதலிய பலவகைப் பாறைகளை, குறித்த அளவில் வெட்டியெடுக்கத் தக்கவை என்ற காரணத்தால், 'கிரானைட்' என்ற ஒரே சொல்லின் கீழ் கொண்டுவந்துள்ளன. தமிழகக் கனிம விதிகளோ அவற்றைக் 'கறுப்பு கிரானைட்' என்றும் 'வண்ண கிரானைட்' என்றும் நிறத்தால் பிரிக்கின்றன.

வணிகத்துக்கு இந்தப் பெயர்கள் போதும். ஆனால், நிலவியலின் பார்வையில் ஒரு பாறையின் பெயர் என்பது அதன் பிறப்புச் சான்றிதழ். அது எதிலிருந்து உருகியது, எந்த ஆழத்தில் ஆறியது, எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பனவெல்லாம் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. அதுமட்டுமன்று, அந்தப் பாறையின் மீது தோண்டும் ஆழ்துளைக் கிணற்றில் நீர் கிடைக்குமா, கிடைத்த நீரைக் குடிக்கலாமா, அதை உடைக்கும் தொழிலாளியின் நுரையீரல் என்னவாகும் என்ற கேள்விகளுக்கும் அங்கிருந்தே விடை தொடங்குகிறது. ஆகவே, பாறைகளின் பெயரை அறிவது வல்லுநர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது.

எப்படி உருகுகிறது பாறை?

பாறைகளை நிலவியலாளர்கள் மூன்று பெரும் பிரிவுகளாகப் பகுக்கின்றனர். உருகிய குழம்பு ஆறி இறுகியவை தீப்பாறைகள். மணலும் வண்டலும் படிந்து இறுகியவை படிவுப் பாறைகள். ஏற்கெனவே இருந்த பாறை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலேயே வேறொன்றாக மாறினால் அது உருமாறிய பாறை. இவற்றுள் மூத்தவை தீப்பாறைகள். உருகிய நிலையிலிருந்து இறுகிய இந்தப் பூமியின் முதல் மேலோடு தீப்பாறையாகவே இருந்திருக்க வேண்டும்.

பூமியின் மேலோட்டுக்குக் கீழே எங்கும் நெருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. உண்மை அதுவன்று. மேலோட்டுக்கு அடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை உள்ள கவசப் பகுதி பெரும்பாலும் திடப்பொருளே. அதன் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தாலும், மேலிருந்து அழுத்தும் எடை அதை உருகவிடுவதில்லை. அந்தக் கட்டு ஏதேனும் ஒரு வகையில் தளர்ந்தால்தான் பாறைக் குழம்பு பிறக்கும்.

அவ்வாறு தளர்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அழுத்தம் குறைவது. நடுக்கடலில் இரு நிலத்தட்டுகள் விலகும்போது கவசப் பாறை மேலெழுகிறது. மேலெழும்போது அழுத்தம் குறைகிறது. வெப்பம் கூடாமலேயே அதில் ஒரு பகுதி உருகிவிடுகிறது. உலகின் கடல் தரை முழுவதும் இவ்வாறு பிறந்ததே. இரண்டாவது, நீர் சேர்வது. ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும்போது, கடலுக்கடியில் நனைந்த அதன் பாறைகள் ஆழத்தில் நீரை வெளிவிடுகின்றன. அந்த நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்திவிடுகிறது. இந்தியாவில் இன்றும் உயிர்ப்போடுள்ள ஒரே எரிமலையான அந்தமானின் பேரன் தீவு, இத்தகைய தட்டு அமிழும் எல்லையில்தான் நிற்கிறது. நெடுங்காலம் உறங்கிக் கிடந்த அது 1991-இல் மீண்டும் விழித்துக்கொண்டது. மூன்றாவது, வெப்பம் வந்து சேர்வது. ஆழத்திலிருந்து எழும் சூடான குழம்பு, கண்டத்தின் அடிப்பகுதியில் தேங்கி நிற்கும்போது சுற்றியுள்ள பாறையையும் உருக்கிவிடும். கிரானைட்டின் பெரும்பகுதி இத்தகைய கண்டப் பாறைகளின் உருகலிலிருந்து வந்தது.

இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இந்தச் செய்தி, இருநூற்று சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னர் பெரும் விவாதப் பொருளாக இருந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் பயிற்றுவித்த ஆபிரகாம் வெர்னர், கிரானைட் உட்பட ஆதிப் பாறைகளெல்லாம் ஒரு பெருங்கடலிலிருந்து படிந்தவை என்று கற்பித்தார். ஐரோப்பா முழுவதும் அவருக்கு மாணவர்கள் இருந்தனர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் அதை ஏற்கவில்லை. 1785-இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கின் ஆற்றுப்படுகையில், சிவந்த கிரானைட் நரம்புகள் கறுத்த பழம்பாறையைப் பிளந்துகொண்டு ஊடுருவியிருப்பதை அவர் கண்டார். ஏற்கெனவே இருந்த பாறைக்குள் ஒன்று புகுந்திருக்கிறது என்றால், அது புகும்போது குழம்பாக இருந்திருக்க வேண்டும். பழம்பாறையைவிட இளையதாகவும் இருக்க வேண்டும். கிரானைட் நீரில் பிறந்ததன்று, தீயில் பிறந்தது என்ற முடிவுக்கு அந்த ஆற்றுப்படுகை சாட்சியாயிற்று.

முதல் கேள்வி: எங்கே ஆறியது?

ஒரு தீப்பாறையைக் கையில் எடுத்தால் அதனிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அது எங்கே ஆறியது என்பது முதலாவது. அதற்கான விடை பாறையின் மணிகளின் அளவில் உள்ளது.

பாகு காய்ச்சுவோர் அறிந்த உண்மைதான் இது. மெதுவாக ஆறவிட்டால் பெரிய கற்கண்டு விளையும். விரைந்து ஆறினால் பொடிமணிகளாகும். நிலத்தின் பல கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கிய குழம்பு, போர்த்தி மூடிய பாத்திரம்போல, ஆயிரக்கணக்கான, சில வேளைகளில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு ஆறுகிறது. அதிலுள்ள கனிமங்கள் வெறும் கண்ணுக்குத் தெரியுமளவு பெரிய படிகங்களாக வளர்கின்றன. இவை பாதாளப் பாறைகள். எரிமலை வழியே வெளியே கொட்டிய லாவா, காற்றும் நீரும் பட்டு நாள்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ ஆறிவிடுகிறது. அதன் மணிகளைக் காண நுண்ணோக்கி வேண்டும். இவை எரிமலைப் பாறைகள். படிகம் வளரவே நேரமின்றி உறைந்துபோனால் அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடி கிடைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஆழத்தில், விரிசல்களுக்குள் புகுந்து ஆறியவை இடையாழப் பாறைகள்.

இந்த மூன்றையும் காண வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பெங்களூரு - மைசூரு சாலையில் உள்ள ராமநகரத்தின் குன்றுகள், 'ஷோலே' திரைப்படத்தின் வழியாக நாடறிந்தவை. அவ்வூரின் பழைய பெயரால் 'குளோஸ்பேட் கிரானைட்' என்று அழைக்கப்படும் அந்தப் பாறை, கர்நாடகத்தின் நெடுகே வடக்கு தெற்காகப் பல நூறு கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆழத்தில் ஆறியது. அதில் விரல் நீளத்துக்கு ஃபெல்ட்ஸ்பார் படிகங்களைக் காணலாம். மேலிருந்த பாறைகளைக் காலம் தேய்த்து அகற்றியதால்தான் அது இன்று வானம் பார்க்கிறது.

இதற்கு நேர்மாறானது மகாராஷ்டிரத்திலும் அதைச் சூழ்ந்த மாநிலங்களிலும் பரவியுள்ள தக்காண பசால்ட். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் நீண்ட வெடிப்புகள் வழியே அலை அலையாகப் பொங்கிய லாவா இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அந்த அடுக்குகள் மலைச்சரிவில் படிக்கட்டுபோலத் தெரிகின்றன. அஜந்தா, எல்லோரா குகைகள் குடையப்பட்டது இந்த லாவாவில்தான்.

கர்நாடகத்தின் மால்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரிஸ் தீவுகளின் அறுகோணத் தூண்கள் வேறொரு பாடம் சொல்கின்றன. லாவா ஆறும்போது சுருங்குகிறது. வறண்ட ஏரியின் சேறு வெடிப்பதுபோல ஒழுங்கான வடிவில் பிளக்கிறது. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்து எரிமலைச் செயலின் எச்சமாக இது கருதப்படுகிறது. இந்தத் தூண்கள் ரயோலைட் வகையைச் சேர்ந்தவை. வேதியியல் கூறுகளில் ரயோலைட்டும் கிரானைட்டும் ஒரே குடும்பம். ஆழத்தில் தங்கியது கிரானைட் ஆனது. வெளியே வந்தது ரயோலைட் ஆனது.

இடையாழப் பாறைக்குச் சான்று நம் சமையலறையில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில், பழம்பாறைகளின் விரிசலுக்குள் சுவர்போல ஏறி இறுகிய டாலரைட் பாறைகள் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. அவற்றை வெட்டி மெருகேற்றியதே சந்தையில் 'கறுப்பு கிரானைட்' என்று விற்கப்படுகிறது. பசால்ட்டுக்கு நெருங்கிய உறவான அந்தக் கல்லுக்கும் கிரானைட்டுக்கும் உள்ள தூரம், அரிசிக்கும் உளுந்துக்கும் உள்ள தூரம்.

இரண்டாம் கேள்வி: எதனால் ஆனது?

இந்த வேறுபாட்டை விளக்குவதே இரண்டாவது கேள்வி. தீப்பாறைகளில் மிகுதியாக உள்ள கூறு சிலிக்கா. சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த இந்தப் பொருளின் அளவே பாறையின் குணத்தைத் தீர்மானிக்கிறது. எடையில் 63 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா இருந்தால் அது அமிலப் பாறை. 52 முதல் 63 வரை இடைநிலைப் பாறை. 45 முதல் 52 வரை காரப் பாறை. அதற்கும் கீழே மீகாரப் பாறை. இங்கே அமிலம், காரம் என்பன நாவில் புளிக்கும் பொருளில் சொல்லப்படுவன அல்ல. பழைய வேதியியல் கொள்கையொன்றின் மிச்சமாகத் தங்கிவிட்ட சொற்கள் அவை.

சிலிக்கா கூடக்கூடப் பாறையின் நிறம் வெளிறும், எடை குறையும், குழம்பின் பிசுபிசுப்பு மிகும். கிரானைட்டின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 2.65 மடங்கு, பசால்ட், காப்ரோ வகைகளுக்கு அது 3 மடங்கை நெருங்கும். பசால்ட் குழம்பு 1,100 முதல் 1,200 டிகிரி வெப்பத்தில் தேன்போல ஓடிப் பரவும். அதனால்தான் தக்காண லாவா அவ்வளவு தொலைவு பாய்ந்தது. ரயோலைட் குழம்போ பிசின்போல இறுகி, உள்ளே சிக்கிய வாயுவை வெளிவிடாமல் அடக்கிவைத்துப் பெருவெடிப்பாகச் சிதறும்.

ஒரே குழம்பிலிருந்து பலவகைப் பாறைகள் பிறக்க முடியும் என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர் நார்மன் போவன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாஷிங்டனில் உள்ள கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில், கனிமக் கலவைகளை உருக்கியும் திடீரெனக் குளிரவைத்தும் அவர் சோதித்தார். குழம்பு ஆறும்போது எல்லாக் கனிமங்களும் ஒருசேரப் படிகமாவதில்லை. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த ஆலிவின், அதனையடுத்துப் பைராக்சின், பின்னர் ஹார்ன்பிளெண்ட், அப்பிரகம் என்று ஒரு வரிசை இருக்கிறது. கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் முன்னே வரும். பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கடைசியில் வரும். முதலில் பிறந்த கனமான படிகங்கள் அடியில் தங்கிவிட்டால், எஞ்சிய குழம்பில் சிலிக்காவின் விகிதம் கூடிவிடும். மோரைக் கடைந்து வெண்ணெய் எடுத்தபின் எஞ்சுவது வேறொன்றாகிவிடுவதுபோல, படிகங்களை இழந்த குழம்பும் வேறொன்றாகிவிடுகிறது.

இரண்டு விடைகளையும் சேர்த்தால் பெயர் கிடைத்துவிடும். சிலிக்கா மிகுந்தது ஆழத்தில் ஆறினால் கிரானைட், வெளியே ஆறினால் ரயோலைட். இடைநிலைக் குழம்பு ஆழத்தில் டயோரைட், வெளியே ஆண்டிசைட். காரக் குழம்பு ஆழத்தில் காப்ரோ, இடையாழத்தில் டாலரைட், வெளியே பசால்ட். மீகாரக் குழம்பு பெரும்பாலும் ஆழத்திலேயே தங்கிப் பெரிடோடைட், டியூனைட் முதலியவற்றைத் தருகிறது.

மணிகள் கண்ணுக்குத் தெரியும் பாறைகளுக்கு இன்னும் நுட்பமான முறையும் உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கைசன் முன்னெடுக்க, பன்னாட்டு நிலவியல் அமைப்பு ஏற்றுக்கொண்ட அம்முறையில், குவார்ட்ஸ், இருவகை ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸுடன் சேர்ந்து வாழாத நெஃபிலின் போன்ற கனிமங்கள் ஆகியவற்றின் விகிதம் கணக்கிடப்படுகிறது. வெளிறிய கனிமங்களில் குவார்ட்ஸ் 20 முதல் 60 விழுக்காடு வரை இருந்து, பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரும் போதிய அளவு இருந்தால்தான் அது கிரானைட். கடைகளில் அப்பெயரில் விற்பனையாகும் பல கற்கள் இந்தத் தேர்வில் தேறமாட்டா.

இந்த அளவுகோலோடு தமிழகத்தைப் பார்த்தால் வியப்பு மிஞ்சும். ஏலகிரி மலை, குவார்ட்ஸ் மிகக் குறைந்த சயனைட்டால் ஆனது. காங்கேயத்தை அடுத்த சிவன்மலையில் நெஃபிலின் சயனைட் என்னும் அரிய வகை இருக்கிறது. ஆங்கிலேயர் 'சுண்ணக் குன்றுகள்' என்று பெயரிட்ட சேலத்து வெண்ணிறக் கரடுகளில் உண்மையில் சுண்ணம் இல்லை. ஆழத்திலிருந்து வந்த டியூனைட் என்னும் மீகாரப் பாறை சிதைந்து உண்டான மேக்னசைட் நரம்புகளே அந்த வெண்மைக்குக் காரணம்.

நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டியில் உள்ள அனார்த்தோசைட்டின் கதை அதனினும் பெரிது. இது பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார் என்ற ஒரே கனிமத்தால் ஆன வெண்பாறை. பின்னாளில் ஓரளவு உருமாறியது. நிலவின் வெளிறிய மேட்டுநிலங்களும் இதே வகையைச் சேர்ந்தவை. அதனால்தான் சந்திரயான் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்கத் தேவைப்பட்ட செயற்கை நிலவு மண்ணை, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் சித்தம்பூண்டிப் பகுதியின் பாறையை அரைத்து உருவாக்கியது. 2023 ஆகஸ்டில் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய பிரக்யான் ஊர்தி, அங்குள்ள மண்ணின் கூறுகள் அனார்த்தோசைட்டோடு பொருந்துவதைக் கண்டறிந்தது. இளமையில் நிலவு முழுவதும் ஒரு குழம்புக் கடலாக இருந்தது. அதில் எடை குறைந்த ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் மேலே மிதந்து மேலோடாயின என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. போவன் தம் ஆய்வகத்தில் ஆராய்ந்த அதே விதி, வானத்திலும் செல்லுபடியாகிறது.

சென்னை உலகுக்குத் தந்த பெயர்

வகைப்பாடு என்றால் எல்லாவற்றுக்கும் முடிந்த முடிபு இருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. அதற்குச் சென்னையே சாட்சி. கொல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை, அந்நகரின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அதை ஆராய்ந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கல்லோடு அது ஒத்திருப்பதைக் கண்டார். சார்னக்கின் நினைவாக அதற்குச் 'சார்னக்கைட்' என்று பெயரிட்டார். அன்றுமுதல் அண்டார்க்டிகாவிலோ நார்வேயிலோ இத்தகைய பாறை கிடைத்தாலும் அதற்கு அதே பெயர்தான்.

குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கிரானைட்டைப் போலவே இதிலும் உண்டு. ஆனால், கிரானைட்டில் வழக்கமாக அப்பிரகம் இருக்கும் இடத்தில் இதில் பைராக்சின் இருக்கிறது. இது குழம்பிலிருந்து நேரே இறுகிய தீப்பாறை என்று ஹாலண்ட் கருதினார். பின்னர் வந்தோர் பலர் அதை மறுத்தனர். ஏற்கெனவே இருந்த பாறைகள் ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில், நீர் வற்றி உருமாறியதே தென்னிந்தியச் சார்னக்கைட்டுகளில் பெரும்பாலானவை என்று வாதிட்டனர். நேரடியாகக் குழம்பிலிருந்து பிறந்த சார்னக்கைட்டும் உலகில் உண்டு என்பதால், இன்று இரண்டு பிறப்புகளும் ஏற்கப்படுகின்றன. நீலகிரி முதல் பரங்கிமலை வரை எத்தனையோ குன்றுகளை உருவாக்கிய இந்தப் பாறை, சென்னைப் பகுதியில் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானது.

கல்லுக்குள் ஈரம்

நம் சிற்பிகளிடமும் ஒரு வகைப்பாடு உண்டு. தட்டும்போது எழும் ஓசையைக் கொண்டு கல்லை ஆண், பெண், இரண்டுமற்றது என மூன்றாகப் பிரித்து, மூலவருக்கு எது, பீடத்துக்கு எது என்று தீர்மானித்தனர். கல்லின் பயனுக்கேற்ப அதன் இயல்பை அறிந்தாக வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது. இன்று நம் பயன்பாடு பலமடங்கு பெருகிவிட்டது; அந்தத் தெளிவோ குறைந்துவிட்டது.

நீரை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறையால் ஆனது. தீப்பாறைகளும், அவற்றிலிருந்து உருமாறிய பாறைகளுமே அதில் பெரும்பகுதி. மணற்கல்லில் இருப்பதுபோல இவற்றின் மணிகளுக்கிடையே நீர் தங்க இடமில்லை. படிகங்கள் ஒன்றையொன்று கவ்வி வளர்ந்திருக்கின்றன. மேற்பரப்பில் சிதைந்த அடுக்கிலும், பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் இருக்கும். ஆழம் செல்லச்செல்ல வெடிப்புகள் பொதுவாகக் குறையும். பாறையின் போக்கை அறியாமல் ஆயிரம் அடிக்கு மேல் துளையிட்டுக் கடனாளியாகும் உழவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் கல்தூள்தான். மேலடுக்கின் நீரைப் பெருக்கும் ஏரியும் குளமும் இந்த மண்ணுக்கு ஏன் இன்றியமையாதவை என்பதற்கு நிலவியல் தரும் விடையும் இதுவே.

கிடைக்கும் நீரின் தன்மையையும் பாறைதான் தீர்மானிக்கிறது. கிரானைட் வகைப் பாறைகளில் உள்ள அப்பிரகம், ஹார்ன்பிளெண்ட், அபடைட் முதலிய கனிமங்களில் ஃபுளோரைடு அடங்கியுள்ளது. நீர் அவற்றோடு நெடுங்காலம் உறவாடும்போது அது கரைந்து கலக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமும், வேறு வழியே இல்லாதபோது 1.5 மில்லிகிராமும் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் பற்கள் கறைபடிகின்றன. மேலும் மிகுந்தால் எலும்புகள் இறுகி மூட்டுகள் முடங்குகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள் இந்தத் துயரை நன்கறிவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் இடம்பெற்றிருப்பது அதனால்தான்.

கல்குவாரித் தொழிலாளியின் நிலையும் பாறையின் பெயரோடு பிணைந்தது. கிரானைட்டில் குவார்ட்ஸ் மிகுதி. டாலரைட்டில் மிகக் குறைவு. குவார்ட்ஸின் நுண்துகள் நுரையீரலில் படிந்தால் வருவது சிலிக்கோசிஸ். அது வந்தபின் முற்றிலும் குணப்படுத்த மருந்தில்லை. தூசு எதுவாயினும் தீங்குதான் என்றாலும், ஒரே சட்டச் சொல்லின் கீழ் வரும் இரண்டு குவாரிகளில் ஆபத்தின் அளவு ஒன்றல்ல. ஆற்று மணலுக்கு மாற்றாகப் பாறையை அரைத்து எம்-சாண்ட் செய்யும் ஆலைகள் பெருகிவரும் இக்காலத்தில், எந்தப் பாறையை அரைக்கிறோம் என்பது தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்து ஊராருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கட்டுமானத்தின் உறுதிக்கும் அது தேவை. அப்பிரகம் மிகுந்த பாறையின் தூள் நல்ல கலவையைத் தராது.

செய்ய வேண்டியவை

குவாரிகளே வேண்டாம் என்று எவரும் சொல்ல இயலாது. வீடும் சாலையும் பாலமும் கல்லின்றி எழா. ஆனால், மரத்தை வெட்டினால் மறுபடி நடலாம். ஆற்று மணல்கூட வெள்ளத்தில் ஓரளவு திரும்ப வரும். 250 கோடி ஆண்டுப் பாறைக்கு மறுநடவு இல்லை. எதை உடைக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று பிரித்தறிய முதலில் அதன் பெயர் தெரிய வேண்டும்.

பரங்கிமலையின் சார்னக்கைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆனால், அந்தப் பாறையின் பெயர் சென்னையில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் பிறந்த அதே வட்டாரத்தின் குன்றுகள் பல நகரக் கட்டடங்களாகிப் பள்ளங்களாக நிற்கின்றன. கோடை வறட்சியின்போது சிக்கராயபுரம் குவாரிக் குட்டைகளின் நீர் சென்னைக்குக் குடிநீராக வந்தது அந்தக் கதையின் எதிர்பாராத திருப்பம். நிலவியல் மரபுச் சின்னங்களைக் காப்பதற்கான சட்ட வரைவொன்றை மத்திய அரசு 2022 டிசம்பரில் பொதுமக்களின் கருத்துக்கு வெளியிட்டது. கோயிலையும் கல்வெட்டையும் காக்கச் சட்டம் கொண்டுள்ள நாடு, அவை எந்தப் பாறையில் செதுக்கப்பட்டனவோ அதன் வரலாற்றையும் காக்கத்தான் வேண்டும். அந்த வரைவு வரைவாகவே தங்கிவிடக் கூடாது.

மாநில அளவில் செய்யக்கூடியவையும் உண்டு. குவாரி உரிமம் வழங்கும் ஆவணங்களில் வணிகப் பெயரோடு அறிவியல் பெயரும், குவார்ட்ஸின் அளவும் இடம்பெறலாம். ஊராட்சிதோறும் அந்தந்த ஊரின் பாறை, அதன் நீர்வளம், நீரின் தன்மை ஆகியவற்றை எளிய தமிழில் ஒரு பலகையாக வைக்கலாம். சித்தம்பூண்டி, ஏலகிரி, சிவன்மலை, பரங்கிமலை ஆகியவற்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால், பாடநூலில் மனப்பாடமாகக் கிடக்கும் தீப்பாறை கண்முன் எழுந்து நிற்கும். இவற்றுக்கெல்லாம் பெரும் செலவு இல்லை.

எங்கே ஆறினாய், எதனால் ஆனாய் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளைக்கு ஊர்க் கரடு வெறும் ஜல்லிக் குவியலாகத் தெரியாது. அதைப் பத்து ஆண்டுகளில் உடைத்துத் தீர்க்கலாமா என்ற மூன்றாவது கேள்வியையும் அந்தப் பிள்ளை கேட்கும். அதற்குப் பொறுப்பாக விடை சொல்ல வேண்டியவர்கள் இன்றைய பெரியவர்களாகிய நாம்.